மணிக்கட்டு எப்படி இருக்கிறது?

பாப்பா,

மணிக்கட்டு எப்படி இருக்கிறது? போன தடவை பேசியபோது வலது கையில் பட்டை கட்டியிருப்பதாகச் சொன்னாய், அப்புறம் பேச்சு வேறு எங்கோ போய்விட்டது, அதற்கப்புறம் நீ கூப்பிடவே இல்லை. இருபத்தொரு நாள். அம்மாதான் எண்ணிக்கொண்டிருக்கிறாள் என்று எழுத நினைத்தேன். வேண்டாம், நான்தான் எண்ணுகிறேன்.

நாள் முழுக்கக் காபித்தூளை அழுத்திக்கொண்டே இருந்தால் கை என்னத்துக்கு ஆகும்? மணிக்கட்டை மடக்காமல் முழங்கையை மேலே வைத்து உடம்பு எடையை இறக்கி அழுத்த வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீதான். அவசரத்தில் நீயே மறந்துவிடுகிறாய், வந்திருந்தபோது பார்த்தேன். ராத்திரி வெந்நீரில் கொஞ்ச நேரம் கையை வை.

உன் காபிக் கடையில் இருந்த இரண்டு நாளும் நான் அந்த மூலை மேசையில்தான் உட்கார்ந்திருந்தேன், நினைவிருக்கிறதா? நீ பேச நேரமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தாய், எனக்கு வேடிக்கை பார்ப்பதே வேலையாக இருந்தது. காலையில் கதவைத் திறப்பதற்கு முன்னாலேயே உன்னிடம் வேலை பார்க்கும் அந்தப் பெண் கிரைண்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். 18 கிராம் தூள், 36 கிராம் காபி, 25லிருந்து 30 வினாடிக்குள் இறங்க வேண்டும் என்று கணக்கு. முதல் ஷாட், அதாவது முதலில் இறக்கிய காபி, சீக்கிரமே இறங்கி வெளிறிப்போய் இருந்தது, கீழே ஊற்றினாள். அரைப்பைக் கொஞ்சம் நைசாக்கினாள், இரண்டாவது சொட்டுச் சொட்டாக வந்து கசந்தது, அதையும் ஊற்றினாள். மூன்றாவதை வாயில் வைத்துப் பார்த்து, தானாகவே தலையை ஆட்டிக்கொண்டாள். காற்றில் ஈரம் மாறினால்கூட அரைப்பை மாற்ற வேண்டும் என்று எனக்குச் சொன்னவள் அவள்தான். முந்தின நாள் பாடுபட்டுக் கண்டுபிடித்தது மறுநாள் செல்லாது என்றால் அது எவ்வளவு பெரிய தொல்லை! யாரும் பார்க்காத நேரத்தில் அவள் அதை ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தாள்.

உன் வாடிக்கையாளர்களையும் பார்த்தேன். ஒரே கோப்பையை வைத்துக்கொண்டு லேப்டாப்போடு நாலு மணி நேரம் உட்கார்ந்திருந்த அந்த ஆள், சார்ஜர் வயரைக் குறுக்கே போட்டு எல்லாரையும் தாண்ட வைத்தார். நானாக இருந்தால் எழுப்பிவிட்டிருப்பேன். நீ சிரித்துக்கொண்டே இன்னொரு டம்ளர் தண்ணீர் வைத்தாய். அந்தப் பெரியவர் வாயைத் திறப்பதற்குள் அவர் காபி மேசைக்கு வந்துவிட்டது. பெரிய கடைகளில் பெயரைக் கேட்டுக் கோப்பையில் எழுதுவார்கள், உன் கடையில் பெயர் தெரியாது, ஆனால் எத்தனை சர்க்கரை என்று தெரியும். அதற்காகத்தான் ஜனங்கள் வருகிறார்கள். சும்மா சொல்லவில்லை, உன் கடைக்கு வந்தவர்கள் இணையத்தில் எழுதியதை எல்லாம் உட்கார்ந்து படித்தேன். நிறையப் பேர் ஐந்து நட்சத்திரம் கொடுத்திருக்கிறார்கள். அம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன். ஒன்றை மட்டும் வாசிக்கவில்லை.

சாயங்காலத்துக்கு மேல் காபி குடிக்காதே. குடித்த கஃபீனில் பாதி குறையவே கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம் ஆகிறது. ருசி பார்க்கிறேன் என்று ஒவ்வொன்றையும் விழுங்கினால் எப்படித் தூக்கம் வரும்? துப்பிவிடு. தூக்கம் இல்லாதவர்களுக்குக் கோபம் அதிகம் வரும்.

உன்னோடு பேச ஏதாவது வேண்டுமே என்று இந்த எஸ்பிரெஸோ காபி மிஷினைப் பற்றிக்கூடப் படித்தேன். 1884ல் இத்தாலியில் டூரினில் மொரியோண்டோ என்பவர் முதலில் காப்புரிமை வாங்கியிருக்கிறார். 1901ல் பெட்செரா. அவர்கள் காலத்தில் நீராவிதான் தண்ணீரைத் தள்ளியது, சூடு மிஞ்சிப்போய்க் காபி கருகிக் கசந்தது. நாற்பதுகளில்தான் காஜியா நீராவியை விட்டுவிட்டு நெம்புகோலையும் ஸ்பிரிங்கையும் வைத்து அழுத்தினார், மேலே அந்தத் தங்க நிற நுரை வந்தது. இப்போது 9 பார் அழுத்தம் என்கிறார்கள். நீ கூப்பிட்டால் இதைத்தான் சொல்லலாம் என்று வைத்திருந்தேன்.

சரி, சொல்லிவிடுகிறேன். இரண்டாம் நாள் ஒருவர் வந்து பால் இன்னும் சூடாக வேண்டும் என்றார். அந்தப் பெண் 60, 65 டிகிரியைத் தாண்டினால் இனிப்புப் போய்விடும் என்று தயங்கித்தான் சொன்னாள், அவர் கேட்கவில்லை. அதே பாலை அவள் மறுபடி சுட வைத்தாள். நீ உள்ளேயிருந்து வந்து அந்த ஜக்கை அவள் கையிலிருந்து வாங்கி, பாலைத் தொட்டியில் கொட்டிவிட்டு, "இதைக்கூடவா சொல்லித்தரணும்?" என்றாய். சத்தமாகக்கூட இல்லை. வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் போனைப் பார்க்க ஆரம்பித்தார்கள். அவள் ஈரத்துணியால் நீராவிக் குழாயைத் துடைத்தாள், துடைத்து முடித்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

எனக்கு அப்போது பெருமையாக இருந்தது பாப்பா. தரத்தில் விட்டுக்கொடுக்காத பிள்ளை, என் பிள்ளை என்று நினைத்தேன். ஊர் திரும்பிய பிறகும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் வாசித்துக் காட்டாத அந்த ஒன்றில், காபி அருமை, அங்கே வேலைக்கு மட்டும் போகாதீர்கள் என்று ஆரம்பித்து, உடைந்த கோப்பைக்குச் சம்பளத்தில் பிடித்ததை, ஷிஃப்ட் முடிந்த பிறகும் மிஷின் கழுவ நிறுத்தி வைத்ததை, இதைக்கூடவா சொல்லித்தரணும் என்று எல்லார் முன்னாலும் கேட்பதை எழுதியிருந்தார்கள். கீழே நீ பதில் போட்டிருக்கிறாய். "இப்படி எதுவும் நடக்கவில்லை."

இதைக்கூடவா சொல்லித்தரணும் என்கிற அந்த வாக்கியம் யாருடையது என்று உனக்கே தெரியும். நம் கடையில் நீ கல்லா ஓரத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதியபோது தினமும் கேட்டது. அங்கே வேலைக்கு இருந்த, கண்ணாடி போட்ட பையனிடம் நான் ஒரு நாளைக்குப் பத்து தடவை கேட்டது.

அவன் தானாக வேலையை விட்டுப் போனான் என்றுதான் உங்கள் எல்லாரிடமும் சொன்னேன். சித்தப்பாவிடமும் அதேதான். அன்று கல்லாவில் பணம் குறைந்தது, ஆட்கள் நிற்கும்போதே அவன் சட்டைப்பையை வெளியே இழுத்துக் காட்டச் சொன்னேன். காட்டினான். ஒரு சீப்பும் மடித்த காகிதமும் இருந்தன. நீ பென்சிலை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாய், நான் 'எழுது' என்றேன். ராத்திரி கணக்கு நோட்டைப் புரட்டினால், சரக்கு கொண்டுவந்தவனுக்கு நானே கொடுத்துவிட்டு எழுதாமல் விட்டிருக்கிறேன். மறுநாள் காலையில் அவன் எனக்கு முன்னாலேயே வந்து வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தான். சொல்லிவிடலாம் என்றுதான் போனேன். "அந்த மூலையில் குப்பை இருக்கு" என்றேன். அதற்கப்புறம் ஒரு வாரம் வந்தான். பாக்கிச் சம்பளத்தை வாங்கக்கூட வரவில்லை, நானும் தேடிப் போகவில்லை. முதலாளி பயந்தால் வேலைக்காரன் ஏறிக்கொள்வான் என்று ஒரு சமாதானம் அப்போது என்னிடம் இருந்தது. எத்தனையோ பேரிடம் அதைச் சொல்லியிருக்கிறேன், உன்னிடமும் கடை திறந்த அன்று சொன்னேன். அதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

உனக்கு வாடகை இருக்கிறது, மிஷின் கடன் இருக்கிறது, அந்த லேப்டாப் ஆள் இருக்கிறார், எல்லாம் தெரியும். நான் தள்ளி நின்று சுலபமாக எழுதுகிறேன் என்பாய். எழுதியது அந்தப் பெண்ணா, அதற்கு முன்னால் இருந்த பையனா என்று எனக்குத் தெரியாது. நீ அந்தப் பதிலை மட்டும் எடுத்துவிடு. வேறு என்ன எழுதுவது என்று தோன்றாவிட்டால் வெறுமனே எடுத்துவிடு, போதும்.

கோப்பைக் காசை நான் அனுப்புகிறேன் என்று எழுதி அடித்துவிட்டேன், நீ கோபித்துக்கொள்வாய்.

ராத்திரி கடை சாத்தி, அந்த ஓட்டையில்லாத கிண்ணத்தைப் போட்டு மிஷினைக் கழுவுவாயே, பழுப்புத் தண்ணீர் தெளியும் வரைக்கும் சும்மா நிற்கிற நேரம் அது. அப்போது கூப்பிடு. அம்மா தூங்கியிருப்பாள், நான் முழித்திருப்பேன். இடது கையால் போனைப் பிடி.

அப்பா