வில் மாறிலிக்கு ஒரு வாசிப்புப் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் பத்திரிகையின் கல்விப் பக்கத்தில் உயர்தர மாணவருக்காக வந்த பௌதிகவியல் வினா விடையில், விற்சுருளில் தொங்கவிட்ட சுமையை அதன் நீட்சியால் வகுத்து, வில் மாறிலி, அதாவது நீட்சியை ஒரு மீற்றரால் கூட்டத் தேவையான விசை, இதுதான் என்று முடித்திருந்தார்கள். பக்கத்திலேயே வரைபும் இருந்தது. விடைக்கு அதைத் தொடவேயில்லை. மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் ரியூசனுக்கு வழியில்லாமல் இந்தப் பக்கத்தை வெட்டி ஒட்டிப் படிக்கிற பிள்ளைகளை எனக்குத் தெரியும். அதனால்தான் எழுதுகிறேன்.

கடையில் வாங்கும் இழுவை வில்கள் பலவற்றில் சுற்றுகள் ஒன்றையொன்று இறுக்கிக்கொண்டிருக்கும். அந்த இறுக்கம் விடுபடும் வரை வில் நீளாது. இதற்கு 0.5 நியூற்றன் தேவைப்படும் வில் ஒன்றை எடுப்போம். 1 நியூற்றனுக்கு 2 சென்ரிமீற்றர் நீள்கிறது, 3 நியூற்றனுக்கு 10 சென்ரிமீற்றர். வகுத்துப் பார்த்தால் முதல் வாசிப்பில் மீற்றருக்கு 50 நியூற்றன் வருகிறது, மற்றதில் 30. ஒரே வில்லுக்கு இரண்டு விடையா? நீட்சியைக் கிடை அச்சிலும் விசையை நிலைக்குத்து அச்சிலும் குறித்துக் கோட்டை வரையட்டும். கோடு உற்பத்தியினூடாக, அதாவது இரு அச்சுகளும் வெட்டும் பூச்சியப் புள்ளியினூடாக, போகாது. ஆனால் அதன் படித்திறன், அதாவது சாய்வு, விசையில் கூடிய 2 நியூற்றனை நீட்சியில் கூடிய 0.08 மீற்றரால் வகுக்க, 25. வில்லின் உண்மையான விறைப்பு அதுதான்.

அச்சையும் கவனிக்க வேண்டும். செய்முறையில் நாம் மாற்றுவது சுமை என்பதால் அதைக் கிடை அச்சில் போடுவதுதான் வழக்கம். அப்போது படித்திறனின் தலைகீழே வில் மாறிலி. கெட்டிக்காரப் பிள்ளைகளே இதில் புள்ளியைப் பறிகொடுக்கிறார்கள். படித்திறன் காண, கோட்டின் மேல் ஒன்றுக்கொன்று தூரமான இரு புள்ளிகள் வேண்டும். அட்டவணையில் உள்ள வாசிப்புகளை அப்படியே எடுக்கக் கூடாது. முடிவில் கோடு வளைந்தால் விகிதசம எல்லை தாண்டிவிட்டது, அந்தப் புள்ளிகளை விட்டுவிட வேண்டும். நீட்சி விசைக்கு விகிதசமம் என்று விஞ்ஞானி ஊக் 1678இல் வெளியிட்ட விதி அந்த எல்லைக்குள் மட்டும்தான் பொருந்தும். மீன் சந்தையில் தொங்கும் விற்றராசின் கோடுகள் சம இடைவெளியில் இருப்பதும் இந்த விதியால்தான்.

ஆய்கூடத்தில் சுமையாகத் தொங்கவிடும் நிறைப்படிகள் இல்லையென்று செய்முறையையே விட்டுவிடுகிற இடங்களும் உண்டு. தண்ணீர்ப் போத்தல் ஒன்றை வில்லில் கட்டித் தொங்கவிட்டு, பாமசியில் வாங்கிய சிறிஞ்சால் 50 மில்லிலீற்றராக ஊற்றிக்கொண்டு போனால் போதும். ஒவ்வொரு தடவையும் ஏறக்குறைய 0.5 நியூற்றன் கூடும். போத்தலின் நிறை தெரியாவிட்டாலும் பரவாயில்லை. அது கோட்டை இடம் மாற்றுமே தவிர, படித்திறனைத் தொடாது. ஒற்றை வாசிப்பை வகுக்கிறவருக்கு இந்தச் சலுகை கிடைக்காது.

தயவுசெய்து திருத்தத்தை அடுத்த கல்விப் பக்கத்திலேயே போடுங்கள். அதோடு, உண்மையாக எடுத்த வாசிப்புகளை வழுக்களோடு உள்ளபடியே அட்டவணையாகத் தந்து, கீழே வெறும் வரைபுத்தாளை அச்சிடுங்கள். கோட்டைப் பிள்ளைகள் வரையட்டும். விடையை மறுவாரம் வெளியிடலாம்.

ஓய்வுபெற்ற பௌதிகவியல் ஆசிரியர்,
களுவாஞ்சிக்குடி.