பழைய கைக்கடிகாரச் சேகரிப்பாளர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

கடந்த ஓராண்டில் சங்கம் செய்த பணிகளை உங்கள் முன் வைக்கிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். மாதக் கூட்டங்கள் தடையில்லாமல் நடந்தன. புதிதாகச் சேர்ந்தவர்களில் இளைஞர்கள் அதிகம். அதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

ஆண்டின் முதல் கூட்டத்தில் ஒரு தீர்மானம் போட்டோம். பின்மூடியைத் திறந்து பார்க்காமல் எந்த வாட்சையும் ‘ஒரிஜினல்’ என்று சங்கம் சொல்லாது. சில மூத்த உறுப்பினர்களுக்கு இதில் மனவருத்தம் உண்டு என்பது தெரியும். டயலைப் பார்த்ததுமே சொல்லிவிடக்கூடிய கண் அவர்களுக்கு இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் 2021 நவம்பரில் ஜெனீவாவில் ஏலம் போன, சுவிஸ் நிறுவனமான ஒமேகாவின் ஸ்பீட்மாஸ்டர் வாட்சை நினைத்துப் பாருங்கள். 1957இல் வந்த முதல் ஸ்பீட்மாஸ்டர் வரிசை, மாடல் எண் 2915-1. கறுப்பு டயல் காலப்போக்கில் பழுப்பேறி, பார்த்தவர்களை மயக்கியது. 31 லட்சம் சுவிஸ் பிராங்குக்கு மேல் விலை போனது. வாங்கியதோ ஒமேகாவின் சொந்த அருங்காட்சியகத்துக்காக! 2023இல் அந்த நிறுவனமே, அது பல வாட்சுகளின் பாகங்களைக் கோத்துச் செய்தது என்று அறிவித்தது. செய்தவர்களின் வீட்டுக்குள்ளேயே இப்படி நடக்கும் என்றால், நாம் இன்னும் கவனமாக இருப்பதில் தவறே இல்லை.

தீர்மானம் எப்படிப் பயன்பட்டது என்பதற்கு ஒரு வாட்சைச் சொல்கிறேன். உறுப்பினர் ஒருவர் ஒமேகா கான்ஸ்டலேஷன் வாட்ச் ஒன்றைக் கொண்டுவந்தார். ஓரம் தாழ்ந்து பன்னிரண்டு பட்டை விழும் ‘பை-பான்’ டயல், கீறல் ஒன்றுகூட இல்லை. திறந்தோம். உள்ளே செம்பு நிறத்தில் 551 என்ற எண் கொண்ட மூவ்மென்ட் (வாட்சை ஓட்டும் உட்பொறி), உராய்வைக் குறைக்கும் 24 கல். சீரியல் எண் 1960களின் தொடக்கத்துக்குப் பொருந்தியது. பின்மூடியின் உட்புற எண்ணும் ஒத்துப்போனது. எல்லோரும் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்த நேரத்தில், டயலைப் பத்து மடங்கு லென்ஸில் பார்த்துக்கொண்டிருந்த இளைஞர் ஒருவர், ‘அண்ணா, முள்ளில் இருட்டில் ஒளிரும் பூச்சு இருக்கிறது, டயலில் ஒரு புள்ளிகூட இல்லையே’ என்றார். முள்ளும் டயலும் ஒத்துப்போகவில்லை. பிறகு ஒவ்வொன்றாகத் தெரிந்தது. எழுத்துகளின் ஓரம் மை கசிந்தது போலப் பிசிறியிருந்தது. நிமிடக் கோடுகள் ஒரே நீளத்தில் இல்லை. ஆறு மணிக்குக் கீழே இருக்க வேண்டிய ‘சுவிஸ் மேட்’ எழுத்து பாதி விளிம்புக்கு அடியில் போய்விட்டது. கேஸும் (வெளிக்கூடு) மூவ்மென்டும் அசல். டயல் மட்டும் பிற்காலத்தில் அழித்து மறுபடி அச்சிட்டது.

உரிமையாளர் முகம் வாடித்தான் போனது. ஆனாலும் அந்த வாட்சுக்கான சங்கப் பதிவட்டையில் ‘ரீடயல்’ என்று தம் கையாலேயே எழுதிக் கையெழுத்திட்டார். அந்த வாட்ச் நாளை யார் கைக்குப் போனாலும் அந்த ஒரு வார்த்தை அவரைக் காப்பாற்றும். இந்த ஆண்டு சங்கத்தில் நடந்தவற்றில் நான் மிகவும் பெருமைப்படுவது இதற்குத்தான்.

ரோலெக்ஸுக்கென்று தனிக் கூட்டம் நடத்தினோம். பட்டையைக் கழற்றினால் 12 மணிப் பக்கம் இரண்டு காதுகளுக்கு (பட்டை மாட்டும் முனைகள்) நடுவே மாடல் எண்ணும், 6 மணிப் பக்கம் சீரியல் எண்ணும் தெரியும். அசல் எண்கள் கூரிய கோடுகளாக வெளிச்சத்தில் மின்னும்; அமிலத்தால் அரித்துப் போட்டவை சொரசொரவென்று மங்கியிருக்கும். 1950களின் நடுவில் ரோலெக்ஸ் சீரியல் எண்களை மீண்டும் சின்ன எண்ணிலிருந்து தொடங்கியதால், எண்ணை மட்டும் வைத்து வயது சொன்னால் ஏமாறுவோம். அந்தக் காலத்து வாட்ச் பலவற்றில் பின்மூடியின் உள்ளே ரோமன் எண்ணில் காலாண்டும் பக்கத்தில் ஆண்டும் குத்தியிருப்பார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதே முறை.

அன்றைக்கு நீண்ட நேரம் பேசியது டயலின் அடியில் இருக்கும் சின்ன எழுத்தைப் பற்றி. ஆங்கில ‘T’ எழுத்தோ ‘T < 25’ என்றோ இருந்தால் ஒளிப்பூச்சில் டிரிட்டியம் என்ற கதிர்வீச்சுப் பொருள் இருக்கிறது என்று அர்த்தம். டிரிட்டியத்தின் அரை ஆயுள், அதாவது அது பாதியாகக் குறையும் காலம், 12 ஆண்டும் சில மாதமும். ஆகவே 1970களின் வாட்ச் இருட்டில் இரவெல்லாம் பளீரென்று ஒளிர்ந்தால் மகிழ வேண்டாம். டயலோ முள்ளோ மாற்றப்பட்டிருக்கிறது, அல்லது புதுப்பூச்சு பூசப்பட்டிருக்கிறது. நிறுவனமே சர்வீஸில் மாற்றிய டயலாகவும் இருக்கலாம். அது மோசடி அல்ல. ஆனால் மறைத்து விற்றால் மோசடி.

ஒளிர்வதற்காக ரேடியம் பூசிய பழைய டயல்கள் குறித்துச் செயற்குழு ஒரு கட்டுப்பாடு விதித்துள்ளது. அவற்றைக் கூட்ட மேசையில் திறக்கக் கூடாது. ஒளிர்வது நின்றுவிட்டதால் ஆபத்தும் நின்றுவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். கெட்டுப்போனது ஒளிரும் வேதிப்பொருள்தான். ரேடியத்தின் அரை ஆயுள் சுமார் 1600 ஆண்டு. உதிர்ந்த பொடி மூச்சில் போவதே பெரிய கேடு. சந்தேகம் இருந்தால் மூடிய நிலையில் கதிர்வீச்சு மானியால் அளந்து பார்ப்போம். திறப்பது அதற்கான வசதியுள்ள பட்டறையில் மட்டும்.

பாலிஷ் விஷயத்தில் என் கருத்து மாறவில்லை. பாலிஷ் போட்ட கேஸில் காதுகளின் சாய்விளிம்பு மழுங்கிப்போகும், தங்கத்தில் குத்திய ஹெல்வெட்டியா தலை என்ற சுவிஸ் தர முத்திரை தேய்ந்துபோகும். போன உலோகம் திரும்பி வராது. கீறல் கீறலாகவே இருக்கட்டும்.

வாட்ச் செய்த நிறுவனத்திடம் ஆவணச் சான்று பெற உறுப்பினர்கள் சிலருக்குக் கடிதம் எழுத உதவினோம். அந்தச் சான்று நிறுவனத்தின் பழைய பேரேட்டில் பதிந்ததைச் சொல்லும். இன்று கையில் இருக்கும் டயல் அன்றைய டயல்தானா என்று சொல்லாது. அமெரிக்காவுக்கு ஏற்றுமதியான மூவ்மென்ட்களில் மூன்றெழுத்துக் குறியீடு இருக்கும்: ஒமேகாவுக்கு ஓ-எக்ஸ்-ஜி, பாடெக் பிலிப்புக்கு ஹெச்-ஓ-எக்ஸ். இதற்கான பட்டியல் நூலக அலமாரியில் இருக்கிறது. வாட்சின் துடிப்பை அளக்கும் கருவியும் வாங்கியாயிற்று. முன்பதிவு செய்து பயன்படுத்தலாம்.

வரும் ஆண்டுக்குச் செயற்குழுவின் பரிந்துரை ஒன்று. பெண்கள் அணிந்த சிறு வாட்சுகளை நாம் இதுவரை கண்டுகொள்ளவில்லை. தங்க விலைக்காகக் கேஸை உருக்கிவிட்டு மூவ்மென்டைத் தூக்கிப் போடுகிறார்கள். ஜேகர்-லெகூல்ட்ர் என்ற சுவிஸ் நிறுவனத்தின் 101 மூவ்மென்ட் 1929இல் வந்தது. எடை ஒரு கிராம் அளவுதான், அதற்குள் எழுபதுக்கு மேற்பட்ட பாகங்கள். 1953இல் எலிசபெத் அரசி முடிசூட்டு விழாவில் அணிந்தது அந்த மூவ்மென்ட் கொண்ட வாட்ச். அப்படிப்பட்ட வேலைப்பாடு உருக்குச் சட்டிக்குப் போவதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அடுத்த நான்கு கூட்டங்களை இவற்றுக்கே ஒதுக்கவும், வீட்டில் இருப்பவற்றைத் தவறாமல் பதிவட்டையில் ஏற்றவும் பொதுக்குழுவின் ஒப்புதலைக் கோருகிறேன்.

இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

செயலாளர்