கர்லியின் முரட்டுத்தனத்துக்குக் காரணம் உயரம்தானா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கடந்த ஞாயிறு இணைப்பிதழில் அமெரிக்க எழுத்தாளர் ஜான் ஸ்டைன்பெக்கின் 'ஆஃப் மைஸ் அண்ட் மென்' நாவலைப் பற்றிய கட்டுரை படித்தேன். ஜார்ஜ், லென்னி என்ற இரண்டு கூலியாட்களின் நட்பை அழகாகச் சொல்லியிருந்தார்கள். ஆனால் பண்ணை முதலாளியின் மகன் கர்லியை மட்டும், 'குள்ளமானவன், அந்தத் தாழ்வு மனப்பான்மையால் எல்லோரிடமும் வம்புக்குப் போகிறான்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். சேலத்தில் பி.ஏ. ஆங்கில இலக்கியம் படிக்கும் என் பேத்தியின் நோட்ஸிலும் இதேதான் இருக்கிறது. அவளுக்காகத்தான் நானும் அந்த நாவலை உட்கார்ந்து படித்தேன். எனக்கு இந்த விளக்கம் மனசுக்கு ஒப்பவில்லை.

கட்டுரையாளர் இல்லாததைச் சொல்லவில்லை. பண்ணையில் பெருக்கித் துடைக்கும் கேண்டி என்ற கிழவர், புதிதாக வந்த ஜார்ஜிடம் இதைத்தான் சொல்கிறார்: கர்லி சின்ன ஆள், பெரிய உருவம் உள்ளவர்களைக் கண்டாலே அவனுக்கு ஆகாது. சரி. ஆனால் அதே பேச்சில் அவர் இன்னொன்றும் சொல்கிறார். அவனை யாரும் வேலையை விட்டு அனுப்ப முடியாது, ஏனென்றால் அப்பா முதலாளி. முதல் வாக்கியத்தை எல்லோரும் எடுத்துக்கொள்கிறார்கள், இரண்டாவதை விட்டுவிடுகிறார்கள். எனக்கு இரண்டாவதுதான் பெரிதாகத் தெரிகிறது.

அவன் போடும் குதி உயர்ந்த பூட்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். உயரமாகத் தெரிவதற்காக என்று கட்டுரை சொல்கிறது. நாவலில் முதலாளியும் அதே மாதிரி பூட்ஸ்தான் போடுகிறார். தான் கூலியாள் இல்லை என்று காட்டிக்கொள்வதற்காக என்று ஸ்டைன்பெக்கே எழுதியிருக்கிறார். மகன் அப்பாவைப் பார்த்துப் போடுகிறான், அவ்வளவுதான். அவன் முதன்முதலில் உள்ளே வரும்போதே அப்பாவைத் தேடிக்கொண்டுதான் வருகிறான். அதற்கப்புறம் மனைவியைத் தேடிக்கொண்டு வருகிறான். அவனுக்கென்று சொந்தமாக இருப்பது குத்துச்சண்டைப் பழக்கம் ஒன்றுதான். மற்றதெல்லாம் அப்பாவுடையது. இது மற்றவர்களுக்கும் தெரியும் என்பதுதான் அவனை உறுத்துகிறது என்று நினைக்கிறேன்.

நாவல் வந்தது 1937-ல். 1929-ல் பங்குச் சந்தை விழுந்தது, 1933 வாக்கில் அமெரிக்காவில் நாலு பேரில் ஒருவருக்கு வேலை இல்லை. ஒருவன் போனால் அந்த இடத்துக்கு வர வெளியே ஆட்கள் காத்திருந்த காலம். மாதம் ஐம்பது டாலர் கூலிக்கு வந்த ஜார்ஜ், வந்த அன்றே கர்லியின் அதட்டலைப் பொறுத்துக்கொள்வது இதனால்தான். ஆனால் பண்ணையில் எல்லோரும் அப்படிப் பொறுத்துக்கொள்வதில்லை. ஸ்லிம் இருக்கிறாரே, ஒரே கயிற்றைப் பிடித்துக்கொண்டு இருபது கோவேறு கழுதைகளைக்கூட ஓட்டத் தெரிந்தவர். அவருக்கு மாற்று ஆள் லேசில் கிடைக்காது. தன் மனைவியோடு சேர்த்து அவரைச் சந்தேகப்பட்டு வந்த கர்லி, அவர் குரலை உயர்த்தியதும் மன்னிப்புக் கேட்கிற தொனியில் பேசுகிறான். அடுத்து கார்ல்சன் என்ற இன்னொரு கூலியாள், என்னிடம் வந்தால் தலையை உதைத்துப் பிளந்துவிடுவேன் என்கிறார். கர்லி அவரிடமும் நெருங்கவில்லை. கிழவர் கேண்டிகூட அப்போது தைரியம் வந்து அவனைக் கிண்டல் செய்கிறார். அப்புறம்தான் அவன் கண் லென்னி மேல் விழுகிறது. லென்னி தன் கனவில் இருக்கும் நிலத்தை நினைத்துச் சிரித்துக்கொண்டிருக்கிறான். பண்ணையிலேயே பெரிய உருவம், ஆனால் தானாகத் திருப்பி அடிக்கத் தெரியாதவன். அடி அவனுக்குத்தான் விழுகிறது. உயரம்தான் காரணம் என்றால் லென்னியிடம் நேராக வந்திருக்க வேண்டியதுதானே? இரண்டு பேரிடம் தோற்றுவிட்டு ஏன் வருகிறான்?

நான் ஏற்காட்டில் ஒரு காபித் தோட்டத்தில் ரைட்டராக, அதாவது கணக்கு எழுதுபவனாக, இருந்து ஓய்வு பெற்றவன். தோட்டத்தின் பெயர் வேண்டாம். முதலாளியின் மகன் ஆறடிக்குக் குறையாதவர், பார்க்க லட்சணமாக இருப்பார். பழம் எடுக்கும் பருவத்தில், சாயங்காலம் மூட்டைகளை எடை போடும்போது பக்கத்தில் வந்து நிற்பார். பெண்கள் வரிசையாக நிற்பார்கள். ஏதாவது ஒரு மூட்டைக்குள் கையை விட்டு, பழத்தோடு கலந்து வந்த பச்சைக் காயைப் பொறுக்கி எடுத்து, எல்லோரும் பார்க்கத் தரையில் எறிவார். 'இதுக்குத்தான் கூலியா?' என்பார். அந்தப் பெண் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்குவாள். நான் நோட்டில் எடையை எழுதிக்கொண்டு நிற்பேன். வயசான பெண்கள், கைக்குழந்தைக்காரிகள், மலையை விட்டு இறங்கி வேறு வேலைக்குப் போக முடியாதவர்கள் மூட்டையில்தான் அவர் கை போகும். பழத்தின் தோலை உரிக்கும் பல்ப்பர் மெஷின் பார்க்கிறவரிடமோ லாரி ஓட்டுகிறவரிடமோ ஒரு நாளும் குரல் உயர்த்தியதில்லை. அவர்களை 'அண்ணே' என்றுதான் கூப்பிடுவார். அவர்கள் இங்கே வேண்டாம் என்றால் நாளைக்கே இன்னொரு தோட்டத்தில் சேர்ந்துவிடுவார்கள், அது அவருக்குத் தெரியும். பெரிய முதலாளி வந்து நின்றால் மகன் வாயே திறக்க மாட்டார்.

ஆகவே ஸ்லிமும் லென்னியும் வரும் அந்தக் காட்சியைப் படித்தபோது எனக்கு எதுவும் அந்நியமாகத் தெரியவில்லை. ஜார்ஜ் சொன்னதும் லென்னி அவன் கையைப் பிடித்து நொறுக்கிய பிறகு, மெஷினில் மாட்டிக்கொண்டது என்று சொல்லிவிடு, இல்லாவிட்டால் நாங்கள் உண்மையைச் சொல்லிவிடுவோம் என்கிறார் ஸ்லிம். கர்லி மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொள்கிறான். அப்பாவிடம் சொல்லி எல்லோரையும் விரட்டியிருக்கலாம். ஆனால் ஊரே சிரிக்கும். கை போனதைவிட அது அவனுக்குப் பெரிய பயம்.

கடைசியில் மனைவி, லென்னியின் கையில் கழுத்து முறிந்து, வைக்கோல் மேல் செத்துக் கிடக்கும்போதும் அவன் அவள் பக்கத்தில் உட்காரவில்லை. நீ இவளோடு இரு என்று ஸ்லிம் சொல்லிப் பார்க்கிறார். அவன் துப்பாக்கியோடு லென்னியைத் தேடிப் போகிறான். அவளோடு இருப்பது கேண்டிதான். இதைக் கட்டுரை தொடவே இல்லை. அந்தப் பெண்ணுக்கு நாவலில் ஒரு பெயர்கூடக் கிடையாது, கர்லியின் மனைவி என்றுதான் வருகிறாள். அவன் எப்படிப்பட்டவன் என்பதைச் சொல்ல இந்த இடத்தைவிட வேறு என்ன வேண்டும்?

கல்லூரியில் இதைப் பாடமாக நடத்தும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். 'கர்லியின் குணச்சித்திரம்' என்று பரீட்சையில் கேட்கும்போது, அவன் யாரை அடிக்கிறான் என்பதோடு யாரை அடிக்காமல் விடுகிறான் என்பதையும் பிள்ளைகளை எழுதச் சொல்லுங்கள். குள்ளமான பிள்ளைகளும் அந்த வகுப்பில் உட்கார்ந்து இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

இப்படிக்கு,
காபித் தோட்ட முன்னாள் ரைட்டர்,
ஏற்காடு.