லிங்கனோடு முடிந்த கதையா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். அமெரிக்க அடிமை முறை ஒழிப்பு பற்றி சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். 1863-இல் அடிமைகளுக்கு விடுதலை அறிவித்த லிங்கனின் பிரகடனம், 1865-இல் அடிமை முறையை ஒழித்த 13-வது சட்டத்திருத்தம், அதோடு 'சுபம்' போட்டுவிட்டார் கட்டுரையாளர். அந்தப் பிரகடனம் உள்நாட்டுப் போரில் லிங்கன் அரசை எதிர்த்துப் போரிட்ட தென் பகுதிகளுக்குத்தான்; லிங்கன் பக்கம் நின்ற கென்டக்கி மாநிலத்தில் அது செல்லாது என்பதையாவது ஒரு வரி சொல்லியிருக்கலாம். சரி, அது போகட்டும். விடுதலையான மக்களுக்குக் கிடைத்த வாக்குரிமை சட்டப்படியே எப்படிப் பறிபோனது என்று சொல்லாமல் விட்டதுதான் பெரிய குறை.

தென் கரோலினாவின் ராபர்ட் ஸ்மால்ஸ் ஒருவரை எடுத்துக்கொண்டால் போதும். பியூஃபர்ட்டில் அடிமையாகப் பிறந்தவர். 1862 மே மாதம், வெள்ளை அதிகாரிகள் கரையில் தங்கிவிட்ட ஒரு பின்னிரவில், தான் வேலை பார்த்த 'பிளான்டர்' என்ற நீராவிக் கப்பலை சார்ல்ஸ்டன் துறைமுகத்திலிருந்து ஓட்டிக்கொண்டு போனார். தலையில் கேப்டனின் வைக்கோல் தொப்பி. கோட்டையைக் கடக்கும்போது வழக்கமான விசில் சங்கேதத்தைக் கொடுத்தார்; காவலர்களுக்குச் சந்தேகமே வரவில்லை. குடும்பத்தையும் தோழர்களையும் லிங்கன் தரப்பான வடக்கின் கப்பற்படையிடம் கொண்டு சேர்த்தார்.

கட்டுரையில் வந்திருக்க வேண்டிய கதை இதற்குப் பிறகுதான். 1868-இல் மாநிலத்துக்குப் புது அரசியல் சாசனம் எழுதிய அவையில் கறுப்பின உறுப்பினர்களே பெரும்பான்மை. அதில் ஸ்மால்ஸும் ஒருவர். எல்லோருக்கும் இலவசப் பள்ளி வேண்டும் என்று வாதாடினார். பிறகு அமெரிக்க நாடாளுமன்றத்துக்கும் போனார். 1876 தேர்தலில் வெள்ளையரின் 'சிவப்புச் சட்டை' கும்பல்கள் துப்பாக்கியோடு கறுப்பின வாக்காளர்களை மிரட்டின. அதிபர் தேர்தலில் எழுந்த தகராறு குடியரசுக் கட்சி வேட்பாளர் ஹேய்ஸுக்குச் சாதகமாக முடிய, 1877-இல் மத்திய அரசு கறுப்பினத்தவருக்குக் காவலாக இருந்த தன் துருப்புகளை விலக்கிக்கொண்டது. காவல் போனது, ஆட்சியும் போனது.

1895-இல் மறுபடி ஒரு சாசன அவை. 160 பேரில் கறுப்பினத்தவர் 6 பேர்தான், அதிலும் ஸ்மால்ஸ் இருந்தார். மாநிலத்தின் முன்னாள் ஆளுநர் பென் டில்மனின் கைங்கரியம் அந்த அவை. நிறத்தைக் காட்டி வாக்கை மறுக்கக் கூடாது என்று 1870-இல் வந்த 15-வது திருத்தம் தடுத்ததே, அதனால் நிறம் என்ற பேச்சே எடுக்கவில்லை. வாக்களிக்க வேண்டுமானால் சாசனத்தின் ஒரு பிரிவைப் படிக்கவும் எழுதவும் தெரிய வேண்டும், இல்லாவிட்டால் 300 டாலர் மதிப்புள்ள சொத்துக்கு வரி கட்டியிருக்க வேண்டும். படிக்கத் தெரியாத வெள்ளையர் என்ன செய்வார்? அதற்கும் ஒரு வழி வைத்தார்கள்: முதல் சில ஆண்டுகளுக்கு, வாக்காளர் பதிவு அதிகாரி படித்துக் காட்டும் பிரிவு வந்தவருக்குப் 'புரிகிறது' என்று அந்த அதிகாரிக்குத் தோன்றினாலே போதும். யாருக்குப் புரியும், யாருக்குப் புரியாது என்று அவருக்கா தெரியாது! இதே மாதிரி மிசிசிப்பி மாநிலம் முதலிலேயே போட்டிருந்த விதிகளை 1898-இல் உச்ச நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டது.

ஸ்மால்ஸ் அந்தச் சாசனத்தில் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். 1901-க்குப் பிறகு தென் மாநிலங்களிலிருந்து நாடாளுமன்றத்துக்கு ஒரு கறுப்பினத்தவர் மறுபடி போக எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. நடுவில் 1965-இல் ஒரு வாக்குரிமைச் சட்டமே வர வேண்டியிருந்தது. கட்டுரையாளர் இரண்டாம் பகுதி எழுதுவதாக இருந்தால், 1865-இலிருந்து தொடங்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
விருதுநகர்.