தம்பி, அந்த இடம் காலியாகவே இருக்கட்டும்

அன்புள்ள தம்பிக்கு,

நீ ஒரு நோட்டு வைத்திருப்பதாக உன் மனைவி சொன்னாள். உடம்பு முடியாமல் நீ படுத்திருந்தபோது யார் யார் என்னென்ன செய்தார்கள் என்று தேதி போட்டு எழுதியிருக்கிறாயாம். பணம் கொடுத்தவர்கள் ஒரு பக்கம். அது சரி. கடனாக வாங்கியதைத் திருப்பிக் கொடுத்துத்தான் ஆக வேண்டும், அதில் நான் சொல்ல எதுவுமில்லை. ஆனால் அடுத்த பக்கத்தில், ஆஸ்பத்திரியில் ராத்திரி உன்னோடு தங்கிய மச்சான், குழந்தையைத் தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்ட சித்தி, அலுவலகத்தில் உன் வேலையையும் சேர்த்துச் செய்த நண்பன் என்று பெயர்கள் போகின்றனவாம். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே "இவருக்கு என்ன செய்வது?" என்று எழுதிவிட்டு, பதிலுக்கு இடம் காலியாக விட்டிருக்கிறாயாம்.

அந்தக் காலி இடத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். போனில் ஆரம்பித்தால் நீ பேச்சை மாற்றிவிடுவாய். பொதுவில் எழுதுவதற்குக் காரணம், உதவி வாங்கிவிட்டு அதற்குப் பிறகு அந்த மனிதர்களின் முகத்தைப் பார்த்துப் பேசக் கூசுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்பது. நீ படித்துவிட்டுச் சரி என்று சொன்ன பிறகே வெளியிடுகிறேன்.

உனக்கு இரண்டு பேரின் கதையைச் சொல்ல வேண்டும்.

முதலாவது, ரிச்சர்ட் ஹெரிக். அவரும் ரொனால்டும் அச்சு அசலாக ஒரே மாதிரி இருந்த இரட்டைச் சகோதரர்கள். 1954-இல் அவர்களுக்கு வயது 23. ரிச்சர்டின் சிறுநீரகங்கள் இரண்டும் கெட்டுவிட்டன. ஒருவருடைய சிறுநீரகத்தை எடுத்து இன்னொருவருக்கு வைத்து, அவரைப் பல ஆண்டுகள் வாழவைத்தது அதுவரை எங்கும் நடந்ததில்லை. வைத்த உறுப்பை உடம்பு அந்நியமாக எண்ணி எதிர்த்துவிடும். ஒரே கரு இரண்டாகப் பிரிந்து பிறந்தவர்கள் என்பதால் இவர்களிடம் அந்த எதிர்ப்பு இருக்காது என்று அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் டாக்டர் ஜோசப் மரேயும் அவர் குழுவினரும் கணித்தார்கள். ஆனாலும் நோய் நொடி இல்லாத ஒருவரை இன்னொருவருக்காக அறுப்பது முறைதானா என்ற கேள்வி மருத்துவர்களையே உறுத்தியது. அறுவைக்கு முந்தின இரவு ரிச்சர்ட் ஒரு துண்டுச் சீட்டு எழுதி ரொனால்டுக்கு அனுப்பினார்: இங்கே இருக்காதே, வீட்டுக்குப் போய்விடு என்று. வந்துவிட்டேன், இங்கேதான் இருப்பேன் என்று ரொனால்ட் பதில் அனுப்பினார். மறுநாள், டிசம்பர் 23 அன்று, அந்த அறுவை நடந்தது.

தம்பி, ஆஸ்பத்திரியில் நீ மச்சானைப் பார்த்து "கிளம்புங்க, நான் பாத்துக்கறேன்" என்று ஒவ்வொரு ராத்திரியும் சொன்னாயே, அதுதான் ரிச்சர்டின் சீட்டு. உன்னை நான் குறை சொல்லவில்லை. பிறருக்குப் பாரமாகிவிடுவோமோ என்ற பயம் நல்ல மனசிலிருந்துதான் வருகிறது. ஆனால் அதற்குப் பிறகு என்ன ஆயிற்று என்று பார். ரிச்சர்ட் இன்னும் எட்டு ஆண்டுகள் வாழ்ந்தார். அந்த மருத்துவமனையில் பணியாற்றிய செவிலியர் ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டார், இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள். ரொனால்ட் 2010 வரை இருந்தார். இந்த எட்டு ஆண்டில் ரிச்சர்ட் எதைக் கொடுத்து அதைச் சரிக்கட்டியிருக்க முடியும்? ஒரு சிறுநீரகத்துக்கு எதிரே எதை எழுதுவது? அவர் குடும்பம் நடத்திக்கொண்டு, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வாழ்ந்தார். ரொனால்ட் கேட்டதும் அவ்வளவுதான். மச்சான் அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடி தூங்கியதும் நீ எழுந்து நடமாட வேண்டும் என்பதற்காகத்தான். நீ நடமாடுகிறாய். அவருடைய கணக்கு அங்கேயே முடிந்துவிட்டது.

இரண்டாவது ஆளை நான் அதிகம் நினைத்துக்கொள்வேன். ஜேம்ஸ் ஹாரிசன், ஆஸ்திரேலியர். பதினான்கு வயதில் அவருக்கு மார்பில் பெரிய அறுவை நடந்தது. உயிர் பிழைக்கப் பாட்டில் பாட்டிலாக ரத்தம் ஏற்ற வேண்டியிருந்தது. கொடுத்தவர்கள் யாரென்றே அவருக்குத் தெரியாது. நன்றி சொல்ல முகவரி கிடையாது. அந்தப் பையன் செய்த முடிவு, வயது வந்ததும் தானும் ரத்தம் கொடுப்பது. 1954-இல் தொடங்கினார். ஊசி என்றால் அவருக்குப் பயம். கடைசிவரை ஊசி ஏறுவதை அவர் பார்த்ததே இல்லை, முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

பிற்பாடு அவருடைய ரத்தத்தில் அபூர்வமான ஒரு பொருள் இருப்பதை மருத்துவர்கள் கண்டுபிடித்தார்கள். தாயின் ரத்தம் ஆர்ஹெச் நெகட்டிவாகவும் வயிற்றிலுள்ள குழந்தையின் ரத்தம் ஆர்ஹெச் பாசிட்டிவாகவும் இருந்தால், பிரசவத்தின்போது குழந்தையின் ரத்தம் கொஞ்சம் தாயின் உடம்பில் கலக்கும். தாயின் உடம்பு அதை எதிர்க்கக் கற்றுக்கொள்ளும். முதல் குழந்தை பெரும்பாலும் தப்பிவிடும். அடுத்து வரும் குழந்தையின் ரத்த அணுக்களை அந்த எதிர்ப்பு அழித்துவிடும். எத்தனையோ வீடுகளில் குழந்தைகள் அடுத்தடுத்து இறந்துபோனதற்கு இது ஒரு காரணம். ஹாரிசனின் பிளாஸ்மாவில், அதாவது ரத்தத்தின் திரவப் பகுதியில், இருந்த 'ஆன்டி-டி' என்ற எதிர்ப்புப் பொருளை ஊசி மருந்தாக்கி உரிய நேரத்தில் தாய்க்குப் போட்டால், அவள் உடம்பு அந்த எதிர்ப்பைக் கற்றுக்கொள்ளவே செய்யாது. அவர் 2018 வரை, 81 வயது வரை, 1,173 முறை கொடுத்தார். அவரால் 24 லட்சம் குழந்தைகள் காப்பாற்றப்பட்டிருக்கலாம் என்று ஆஸ்திரேலிய ரத்த வங்கிச் சேவையினர் கணக்கிடுகிறார்கள். அவருடைய சொந்த மகளுக்கும் இந்த ஊசி தேவைப்பட்டது. 2025 பிப்ரவரியில் காலமானார்.

எண்ணிக்கையைச் சொல்லி உன்னை மலைக்கவைக்க நான் இதை எழுதவில்லை. அவருக்கு ரத்தம் கொடுத்தவர்களில் ஒருவருக்குக்கூட அவர் எதையும் திருப்பிக் கொடுக்கவில்லை என்பதைக் கவனி. வாங்கியது ஒரு பக்கம், கொடுத்தது முற்றிலும் வேறு பக்கம். சித்திக்கு நீ என்ன செய்வது என்று யோசித்து யோசித்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்கிறாய். சித்தியின் குழந்தைகள் வளர்ந்துவிட்டார்கள், அவளுக்கு உன்னால் அதே உதவியைச் செய்யவே முடியாது. பச்சைக் குழந்தையை வைத்துக்கொண்டு தவிக்கிற வேறொரு வீடு நாளைக்கு உன் கண்ணில் படும். அங்கே செய்.

ஆனால் சித்தியிடம் வாயைத் திறந்து சொல்லிவிடு. இதில் மட்டும் எனக்கு உன்மேல் கொஞ்சம் கோபம் உண்டு. "நமக்குள்ள என்ன நன்றி" என்பது நம் வீட்டில் எப்போதும் இருக்கிற பேச்சு. அன்பினால் சொல்கிறார்கள், அதில் பாதி உண்மையும் இருக்கிறது. மற்றப் பாதியில், செய்கிறவர்கள் செய்துகொண்டே இருக்கிறார்கள், அவர்களை யாரும் பார்ப்பதில்லை. உன் மாத்திரை வேளைகளை நினைவில் வைத்திருந்தவள், நீ தூங்கிய பிறகு மருத்துவச் சீட்டுகளை அடுக்கி வைத்தவள், உனக்கு முன்னால் ஒரு நாளும் அழாதவள் உன் மனைவி. உன் நோட்டில் அவள் பெயர் இருக்கிறதா என்று நான் அவளிடம் கேட்கவில்லை. நீயே போய்ப் பார்.

சொல்லத் தயக்கமாக இருக்கும் என்று தெரியும். 2018-இல் வெளியான ஓர் ஆய்வில், வாழ்க்கையில் தங்களுக்கு நல்லது செய்த ஒருவருக்கு நன்றிக் கடிதம் எழுதச் சொன்னார்கள். வாங்குகிறவருக்கு அது எப்படி இருக்கும் என்று எழுதியவர்களிடமும் கேட்டார்கள், பிறகு வாங்கியவர்களிடமும் கேட்டார்கள். எழுதியவர்கள் கவலைப்பட்ட அளவுக்கு வாங்கியவர்களுக்குச் சங்கடம் இல்லை. எழுதியவர்கள் எதிர்பார்த்ததைவிட அதிக மகிழ்ச்சி. எழுதியவர்களின் கவலையெல்லாம் சொற்கள் சரியாக விழுந்தனவா என்பதில். படித்தவர்கள் பார்த்ததோ அதிலிருந்த பிரியத்தை. அதனால் அழகாக எழுத வேண்டும் என்று காத்திருக்காதே. "எல்லாத்துக்கும் தேங்க்ஸ்" என்று மொத்தமாகவும் முடித்துவிடாதே. எந்த ராத்திரி, எந்த நேரம், அவர் என்ன செய்தார், அது உனக்கு எப்படி இருந்தது என்று சொல். தான் செய்ததை இன்னொருவர் அவ்வளவு நுணுக்கமாக நினைவு வைத்திருக்கிறார் என்று தெரியும்போது ஒரு மனுஷருக்கு வருகிற நிறைவை வேறு எதைக் கொடுத்தும் கொண்டுவர முடியாது.

நீ கடைசிவரை யாரிடமும் கேட்காமல் இருந்ததையும் சொல்ல வேண்டும். மறுத்துவிடுவார்கள் என்றுதானே நினைத்தாய்? முன்பின் தெரியாதவர்களிடம் சின்ன உதவி கேட்கச் சொல்லி 2008-இல் ஓர் ஆய்வு நடந்தது. தேவையான பேர் சம்மதிக்க எத்தனை பேரிடம் கேட்க வேண்டிவரும் என்று முதலில் ஊகிக்கச் சொன்னார்கள். ஊகித்ததில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் கேட்டதுமே காரியம் முடிந்துவிட்டது. தெரியாதவர்களே அப்படி. உன்னைத் தூக்கி வளர்த்தவர்கள் நாங்கள்.

இப்போது நீ என்னிடம் கேட்டதற்கு வருகிறேன். கடனை அடைத்துக்கொண்டிருக்கும் வீடு அடுத்தவருக்குக் கொடுக்கலாமா, எல்லாம் நிமிர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாமா என்று கேட்டாய். திருக்குறளில் செய்ந்நன்றியறிதல், ஒப்புரவறிதல், ஈகை ஆகிய மூன்று அதிகாரங்களும் எங்கே இருக்கின்றன என்று பார்த்திருக்கிறாயா? துறவறவியலில் இல்லை, இல்லறவியலில் இருக்கின்றன. வாழ்க்கைத்துணைக்கும் மக்கட்பேற்றுக்கும் விருந்துக்கும் பக்கத்தில். எல்லாவற்றையும் உதறிவிட்டவனிடம் வள்ளுவர் ஈகையைக் கொண்டுபோய் வைக்கவில்லை. மாதக் கடைசியை எண்ணிக்கொண்டிருக்கிற வீட்டில் வைத்தார். நிமிர்ந்த பிறகு என்று காத்திருந்தால் எந்த வீடும் கொடுக்கத் தொடங்காது.

தொகை பெரிதாக இருக்க வேண்டியதில்லை. 2008-இலேயே நடந்த இன்னோர் ஆய்வில், காலையில் சிலருக்கு ஐந்து டாலரும் சிலருக்கு இருபது டாலரும் கொடுத்து மாலைக்குள் செலவழிக்கச் சொன்னார்கள். சிலர் தங்களுக்கே செலவு செய்ய வேண்டும், சிலர் பிறருக்கு. மாலையில் பிறருக்குச் செலவழித்தவர்களே கூடுதல் மகிழ்ச்சியோடு இருந்தார்கள். ஐந்தா இருபதா என்பதால் வித்தியாசம் ஏதும் வரவில்லை.

ஆனால் இரண்டு விஷயத்தில் கண்டிப்பாக இரு. மனைவியிடம் சொல்லாமல் கொடுக்காதே. அவளுடைய செருப்பு தேய்ந்திருக்க, வெளியே உனக்கு நல்ல பெயர் வருவதை நான் தர்மம் என்று ஒத்துக்கொள்ள மாட்டேன். இரண்டு பேரும் உட்கார்ந்து பேசி, முடிந்ததை எடுத்து வையுங்கள். பணம் இல்லாத மாதத்தில் நேரம் இருக்கும். மருத்துவமனைக்குத் துணைக்குப் போகலாம், ஒரு விண்ணப்பத்தை நிரப்பித் தரலாம். அடுத்தது, வாங்குகிறவரை விளக்கம் சொல்லவைக்காதே. நீ படுத்திருந்தபோது உன் நிலைமையைத் திரும்பத் திரும்ப எத்தனை பேரிடம் சொல்ல வேண்டியிருந்தது, அது உன்னை எவ்வளவு வாட்டியது என்று உனக்குத்தான் தெரியும். கொடுப்பதைப் படம் எடுத்துப் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு நொந்துபோகிறது. அந்தப் படத்தில் கை நீட்டி நிற்பவருக்கும் ஒரு பிள்ளை இருக்கும், அது நாளைக்கு அதைப் பார்க்கும்.

பிள்ளை என்றதும் உன் மகள் ஞாபகம் வருகிறாள். போன தடவை தன் கையிலிருந்த பிஸ்கட்டைப் பாதி கடித்து என் வாயில் திணித்தாள். இரண்டு வயது ஆகாத குழந்தைகளை வைத்து 2012-இல் ஓர் ஆய்வு வந்தது. தின்பண்டம் வாங்கும்போது இருந்ததைவிட அதை இன்னொருவருக்குக் கொடுக்கும்போது அவர்கள் முகத்தில் அதிக மகிழ்ச்சி தெரிந்ததாம். அதிலும் தன் பங்கிலிருந்தே எடுத்துக் கொடுக்கும்போது இன்னும் அதிகம். ஆக அவளுக்கு நாம் கற்றுக்கொடுக்க அதிகம் இல்லை, கெடுக்காமல் இருந்தால் போதும். அவள் பகிர்ந்துகொண்டால் பரிசு கொடுக்காதே. சின்னக் குழந்தைகளுக்கு உதவி செய்ததற்காகப் பரிசு கொடுத்துப் பார்த்த ஆய்வில், பிறகு அவர்கள் உதவுவது குறைந்துவிட்டது. நீயும் அவள் அம்மாவும் செய்வதைப் பக்கத்திலிருந்து பார்க்கட்டும், அதுவே போதும்.

கடைசியாக ஒரு வேலை தருகிறேன். உன்னைப் போலவே ஒருவர் இப்போது படுத்திருக்கிறார். உனக்கும் அவரைத் தெரியும். யாரையும் வரவிட மாட்டேன் என்கிறாராம், போனையும் எடுப்பதில்லையாம். அவர் அம்மா என்னிடம் சொல்லி அழுதார். நான் போனால் ஆறுதல் சொல்ல வந்திருக்கிறாள் என்று நினைப்பார். நீ போனால் வேறு மாதிரி இருக்கும், அந்தக் கட்டிலில் படுத்து எழுந்தவன் நீ. எதுவும் எடுத்துப் போக வேண்டாம், புத்தி சொல்லவும் வேண்டாம். ஒரு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு வா. பெயரை இங்கே எழுத முடியாது, ராத்திரி எனக்குப் போன் செய், சொல்கிறேன்.

அன்புடன்,
அக்கா