புகைபோக்கியின் எண் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பதர்பூரின் 705 மெகாவாட் அனல்மின் நிலையம் 2018 அக்டோபரில் மூடப்பட்டதோடு நிலக்கரிப் புகை தில்லியை விட்டுப் போய்விட்டதாக மயூர் விஹாரில் என் அண்டை வீட்டார் பலர் நம்புகிறார்கள். ஆனால் தில்லியை அடுத்த தாத்ரி, ஜஜ்ஜர் அனல்மின் நிலையங்களில் நிலக்கரி எரிந்துகொண்டுதான் இருக்கிறது. கொதிகலன் கட்டுப்பாட்டு அறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்பதால் இதை எழுதுகிறேன்.

மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2015 டிசம்பரில் வகுத்த உமிழ்வு வரம்புகளுக்கான கெடு பலமுறை நீட்டிக்கப்பட்டு, 2025 ஜூலையில் பெரும்பாலான நிலையங்களுக்குக் புகையிலிருந்து கந்தக டை ஆக்சைடை நீக்கும் கருவியைப் பொருத்துவதிலிருந்து விலக்கே அளிக்கப்பட்டுவிட்டது. நிலக்கரியிலுள்ள கந்தகத்தை இயக்கும் முறையால் குறைக்க முடியாது. அதற்குக் கருவிதான் வேண்டும். நைட்ரஜன் ஆக்சைடுகளும் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு வெளியேறும் கார்பன் டை ஆக்சைடும் அப்படியல்ல. அவற்றில் ஒரு பங்கு அன்றாடம் கொதிகலனை ஓட்டும் விதத்தைப் பொறுத்தது.

நிலக்கரியை எரிக்கச் செலுத்தும் காற்று தேவைக்கு மேல் போனால் நைட்ரஜன் ஆக்சைடு கூடுவதுடன் வெப்பமும் புகையோடு வீணாகிறது. குறைத்தாலோ எரியாத கரி சாம்பலில் தங்கிவிடுகிறது. வெளியேறும் புகையின் வெப்பநிலை ஏறத்தாழ 20 டிகிரி கூடினாலே கொதிகலனின் திறனில் சுமார் 1 சதவீதம் போய்விடும். நான் பணியாற்றிய ஒரு நிலையத்தில் புகையில் எஞ்சிய ஆக்சிஜன் 4 சதவீதம் என்று திரை பல மாதங்கள் காட்டிக்கொண்டிருந்தது. கைக்கருவியை எடுத்துக்கொண்டு புகைக்குழாயின் குறுக்கே அளந்தபோது ஒரு பக்கம் 2, மறுபக்கம் 6. சராசரி சரியாக இருந்ததால் யாரும் சந்தேகப்படவில்லை, என்னையும் சேர்த்துத்தான். பர்னர்களுக்குச் செல்லும் காற்றைச் சமன்செய்துதான் இதைச் சரிசெய்தோம்; புதிதாக எதுவும் வாங்கவில்லை.

புகைபோக்கியில் பொருத்தப்பட்ட தொடர் கண்காணிப்புக் கருவிகளின் அளவீடுகள் மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்களுக்குச் செல்வது நல்லதே. ஆனால் அவை என்ன வெளியேறியது என்று சொல்லுமே தவிர, ஏன் என்று சொல்லாது. வழியில் கசிந்து புகும் காற்று புகையை நீர்த்துப்போகச் செய்வதால், புகையில் 6 சதவீத ஆக்சிஜன் இருப்பதாகக் கொண்டு அளவீட்டைத் திருத்தாமல் பார்த்தால் எண்ணும் அழகாகவே தெரியும். மேலும் இப்போது பகலில் சூரிய மின்சாரம் பெருகுவதால் அனல்மின் நிலையத்தின் அலகுகள், அதாவது மின் உற்பத்தித் தொகுதிகள், நண்பகலில் தணிந்து, மாலையில் விரைந்து ஏற வேண்டியிருக்கிறது. குறைந்த சுமையில், அதாவது குறைந்த உற்பத்தியில் ஓடும்போது, ஒரு யூனிட் மின்சாரத்துக்கு எரியும் நிலக்கரி அதிகம். நாள் சராசரியில் இந்த ஏற்ற இறக்கம் மறைந்துவிடுகிறது.

ஆகவே ஒவ்வோர் அலகின் சுமை, ஆக்சிஜன், புகை வெப்பநிலை, சாம்பலிலுள்ள எரியாத கரி ஆகியவற்றையும் புகைபோக்கி அளவீட்டோடு ஒரே நேரக்குறிப்பில், 15 நிமிட இடைவெளியில் வாரியங்கள் பெற்று வெளியிட வேண்டும். கரி அளவு மட்டும் ஆய்வுக்கூடத்திலிருந்து வருவதால் ஷிப்டுக்கு ஒரு முறை என்றாலும் போதும். மற்றவை கட்டுப்பாட்டு அறைக் கணினிகளில் ஏற்கெனவே பதிவாகின்றன.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற மின்நிலையப் பொறியாளர்,
மயூர் விஹார், தில்லி.