ஏழாம் வகுப்புப் பெற்றோர்களுக்கு: முக்கோணப் பாடம் பற்றி

மதிப்பிற்குரிய பெற்றோர்களுக்கு வணக்கம்.

திங்கள்கிழமை முதல் முக்கோணத்தின் பக்கங்களும் கோணங்களும் பற்றிய பாடம் நடக்கும். விதியைப் பலகையில் எழுதிப் போடுவதற்கு முன், பிள்ளைகள் கையால் அளந்து பார்க்கட்டும் என்று முடிவு செய்திருக்கிறோம்.

துடைப்பக் குச்சிகளை 4, 5, 8 செ.மீ. அளவில் வெட்டினால் முக்கோணம் அமையும். 3, 4, 8 என்றால் 3ம் 4ம் சேர்ந்தாலும் 8 வராது, முனைகள் எட்டாது. வம்பு 3, 5, 8இல்தான். 3ம் 5ம் சேர்ந்து சரியாக 8 என்பதால் முறைப்படி மூன்றும் ஒரே கோட்டில் படுத்துவிட வேண்டும். குச்சி தடியாக இருந்தாலோ, சிறிய குச்சி வெட்டும்போது 2 மி.மீ. கூடிப்போனாலோ ஒல்லியாக ஒரு முக்கோணம் வந்துவிடும். பிள்ளையும் 'வருது சார்' என்று சாதிக்கும்.

அடுத்து 6, 7, 9 செ.மீ. பக்கங்களைக் கொண்டு காம்பஸால் வரைந்து அளப்பார்கள். கோணங்கள் ஏறத்தாழ 42, 51, 87 பாகை வரும். பெரிய பக்கத்துக்கு எதிரே பெரிய கோணம். பலர் நீளமான பக்கத்தின் நுனியிலுள்ள கோணத்தையே 'எதிர்' என்று காட்டுவார்கள். அந்த மூலையைத் தொடாத பக்கம் எதுவோ அதுதான் எதிர்ப்பக்கம். பாகைமானியில் இரண்டு வரிசை எண்கள் இருப்பதால் 42ஐ 138 என்று படிப்பதும் உண்டு. மூன்றையும் கூட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்: 180க்கு ஓரிரு பாகை முன்பின் இருக்கலாம், அதற்கு மேல் போனால் திரும்ப அளக்க வேண்டும்.

கோணம் இரட்டித்தால் எதிர்ப்பக்கமும் இரட்டிக்கும் என்று நினைப்பதுதான் பெரிய குழப்பம். 6, 8 செ.மீ. குச்சிகளுக்கு நடுவே 60 பாகை வைத்தால் மூன்றாவது பக்கம் 7.2 செ.மீ.; 90 வைத்தால் 10; 120 வைத்தாலும் 12.2தான். இதை டியூஷனில் முன்கூட்டியே மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள். அளந்து பார்க்கும் ஆர்வமே போய்விடும்.

தாராவியில் பல வீடுகளில் மேல்தளத்துக்கு ஏணி இருக்கிறது. ஏணி, சுவர், தரை இந்த மூன்றில் எது நீளம், ஏன் என்று கேளுங்கள். 'ஏணி, அது செங்கோணத்துக்கு எதிரே இருக்கிறது' என்று பதில் வர வேண்டும்.

திங்களன்று மெல்லிய தென்னந்துடைப்பக் குச்சிகள் பத்தும், எண்கள் அழியாத பாகைமானியும் கொடுத்தனுப்புங்கள். குச்சிகளை வகுப்பிலேயே வெட்டிக்கொள்வோம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்
தாராவி, மும்பை